நரம்புல கரண்ட் கம்மியாயிடுச்சா டாக்டர்?

கேள்வி: டாக்டர், எனக்கு 52 வயசு. சர்க்கரை வந்து 11 வருஷம் ஆச்சு, மெட்ஃபார்மின் போட்டுக்கிட்டு இருக்கேன். ஆறேழு மாசமா ரெண்டு பாதமும் ராத்திரியானா எரியுது, நடுநடுவுல சுரீர் சுரீர்னு ஷாக் அடிக்கிற மாதிரி இழுக்குது. ஆனா பகல்ல கால்ல இருந்து செருப்பு கழண்டு போனாகூட தெரியமாட்டேங்குது, அவ்ளோ மரத்துப் போயிருக்கு. மரத்த கால் எப்படி எரியும்னு வீட்ல கேக்குறாங்க, எனக்கே பதில் தெரியல. பாத்துக்கிட்டிருக்க டாக்டர் ப்ரீகாபலின் மாத்திரை எழுதிக் குடுத்துட்டு நரம்பு டெஸ்ட் எடுக்கச் சொல்லிருக்காரு, அதுல கரண்ட் வைப்பாங்களாமே, பயமா இருக்கு. தெரிஞ்சவங்க ஒருத்தங்க, உனக்கு நரம்புல கரண்ட் கொறஞ்சு போச்சு, மெஷின் வச்சு ஏத்திக்கலாம்னு சொல்றாங்க. உண்மையிலயே உடம்புக்குள்ள கரண்ட் ஓடுதா? ஓடினா நமக்கு ஏன் ஷாக் அடிக்கல? என்னோடது கொறஞ்சு போச்சா? (பேர் வேண்டாம்)

பதில்:

வணக்கம்மா. உங்க லெட்டர்ல இருக்கற கேள்விலயே பெரிய கேள்வி நீங்க போற போக்குல எழுதுனதுதான், மரத்த கால் எப்படி எரியும்ங்கறது. நான் நரம்பு டெஸ்ட் எடுக்கற வேலைக்கு வந்து இருபது வருஷம் ஆகப்போகுது, இதே சந்தேகத்தோட வர்றவங்களை வாராவாரம் பாக்குறேன், பாதிப்பேர் வீட்ல யாரும் நம்பமாட்டேங்கறாங்கன்னு கண் கலங்குறாங்க. அதனால முதல்லயே சொல்லிடுறேன். உங்க எரிச்சலும் நிஜம், மரப்பும் நிஜம், ரெண்டும் ஒரே கால்ல ஒரே நேரத்துல இருக்க முடியும். காரணம் கரண்ட் கொறஞ்சது இல்லம்மா. வர வேண்டிய சிக்னல் வந்து சேரலைன்னா மரப்பு, யாரும் அனுப்பாத சிக்னல் தானா கிளம்பி வந்தா எரிச்சல். இது புரியணும்னா நரம்பு எப்படி சேதி அனுப்புதுன்னு கொஞ்சம் பொறுமையா பாக்கணும், நீங்க கேட்டுட்டீங்க, நானும் முழுசாவே சொல்றேன்.

முதல்ல ஒரு வார்த்தைக் குழப்பத்தை எடுத்துடலாம். நம்ம பேச்சுல கைல பச்சையா புடைச்சுத் தெரியறதையும் நரம்புன்னுதான் சொல்றோம், நரம்பு ஊசின்னும் சொல்றோம், ஆனா அது ரத்தக்குழாய், சிரை. நான் சொல்ற நரம்பு உள்ள இருக்கறது, வெள்ளையா நூல்கண்டு மாதிரி, வெளிய தெரியாது. ஒரு நூலைப் பிரிச்சா உள்ள ஆயிரக்கணக்குல இழைங்க இருக்கும், ஒவ்வொரு இழையும் ஒரு நரம்பு செல்லோட நீண்ட வால். அந்த வாலுக்கு ஆக்ஸான்னு பேரு. உங்க கால் பெருவிரல்ல தொடு உணர்ச்சியை எடுத்துட்டுப் போற செல் இருக்கே, அதோட உடம்பு இடுப்புல முதுகெலும்பு பக்கத்துல உக்காந்திருக்கு, அளவு சுமார் 0.05 மில்லிமீட்டர், ஆனா அதோட வால் விரல் நுனி வரைக்கும் ஏறக்குறைய 1 மீட்டர். அந்த செல்லை ஒரு கால்பந்து அளவுக்குப் பெருசாக்கிப் பாத்தோம்னா வால் 4 கிலோமீட்டருக்கு மேல போகும். இதை மனசுல வச்சுக்கோங்க, உங்க விஷயத்துல இந்த நீளம்தான் முக்கியம், திரும்ப வருவோம்.

சரி, கரண்ட். ஓடுதா? மின்சாரம் இருக்குங்கறது உண்மை, ஆனா வீட்டு வயர்ல ஓடுற மாதிரி இல்லவே இல்ல. செம்புக் கம்பில எலக்ட்ரான் ஓடுது, இங்க உப்பு. நிஜமாவே உப்புதாம்மா, சோடியமும் பொட்டாசியமும் மின்னூட்டத்தோட தண்ணில மிதக்குது. உங்க ரத்த ரிப்போர்ட்ல சோடியம் 140 பக்கத்துலயும் பொட்டாசியம் 4 சொச்சமும் போட்டிருப்பாங்க, பாத்திருப்பீங்க. செல்லுக்கு உள்ள போய் பாத்தா கணக்கு அப்படியே தலைகீழ், பொட்டாசியம் வெளியவிட 30 மடங்கு அதிகம், சோடியம் பத்துல ஒரு பங்குகூட இருக்காது. இந்த ஏற்றத்தாழ்வு தானா வரல, செல்லோட சவ்வுல ஒரு பம்ப் இருக்கு, ஒவ்வொரு தடவையும் 3 சோடியத்தை வெளிய தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ள இழுத்துக்கிட்டே இருக்கும், ராத்திரி பகல் எந்நேரமும். நம்ம மூளை உடம்பு எடைல 2 சதவீதம்தான், ஆனா சும்மா உக்காந்திருக்கும்போதே உடம்போட சக்தில 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்குது, அந்த செலவுல பெரிய பங்கு இந்தப் பம்புக்குத்தான் போகுது. யென்ஸ் ஸ்கௌன்னு ஒரு டென்மார்க் விஞ்ஞானி 1957ல இதைக் கண்டுபிடிச்சாரு, நோபல் பரிசு வந்து சேர 40 வருஷம் ஆச்சு.

உள்ள சேர்ந்த பொட்டாசியம் கொஞ்சம் கொஞ்சமா வெளிய கசியும். கசியும்போது ப்ளஸ் மின்னூட்டத்தையும் கூடவே எடுத்துட்டுப் போறதால சவ்வோட உள்பக்கம் மைனஸ் ஆகுது, சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட். ஒரு பென்சில் பேட்டரில இருபதுல ஒரு பங்குதான், பூ இவ்ளோதானான்னு தோணும். ஆனா அந்த சவ்வோட கனம் ஒரு மில்லிமீட்டர்ல லட்சத்துல ஒரு பங்குக்கும் கம்மி, அவ்ளோ மெல்லிசான இடத்துல 70 மில்லிவோல்ட் நிக்குதுன்னா மீட்டர் கணக்குக்கு மாத்தினா ஒரு கோடி வோல்ட் வரும். காத்தைக் கிழிச்சு மின்னல் பாயறதுக்கு மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் இருந்தா போதும்! இவ்ளோ இறுக்கத்தோட உங்க உடம்புல இருக்கற ஒவ்வொரு நரம்பு செல்லும் தயாரா காத்துக்கிட்டு இருக்கு, மரத்துப்போன பாதத்துல உயிரோட இருக்கற இழைங்களும் சேர்த்துத்தான். எத்தனை தடவை சொன்னாலும் எனக்கே ஆச்சரியமா இருக்கற விஷயம் இது.

இப்ப கால்ல ஏதோ படுதுன்னு வைங்க. தோல்ல இருக்கற இழையோட நுனி லேசா அமுங்குது, சின்னதா ஒரு கதவு திறந்து கொஞ்சம் ப்ளஸ் உள்ள வருது, மைனஸ் 70ங்கறது மெதுவா மேல ஏறுது. மைனஸ் 55 பக்கத்துல ஒரு எல்லைக்கோடு இருக்கு, அதைத் தொடலைன்னா ஒண்ணும் நடக்காது, அப்படியே அடங்கிடும். தொட்டுட்டா சவ்வுல இருக்கற சோடியம் கதவுங்க ஒட்டுமொத்தமா படார்னு திறக்கும், வெளிய காத்திருந்த சோடியம் உள்ள பாயும், ஒரு கதவு வழியாவே வினாடிக்கு லட்சக்கணக்குல உள்ள வரும், உள்பக்கம் மைனஸ்ல இருந்து ப்ளஸ் 30, 40 வரைக்கும் போயிடும். உடனே அந்தக் கதவு தானா அடைச்சுக்கும், பொட்டாசியம் கதவு திறந்து ப்ளஸ் வெளிய போயி பழைய நிலைக்கு வந்துடும். இந்தக் கூத்து முழுசும் ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்ட்ல முடிஞ்சுடும், ஒரு இடத்துல.

அந்த ஒரு இடத்துல சோடியம் உள்ள வந்ததும் பக்கத்து இடமும் எல்லைக்கோட்டைத் தொடும், அங்க கதவு திறக்கும், அதுக்கும் அடுத்த இடம், அதுக்கும் அடுத்தது. பத்த வச்ச திரி மாதிரி நினைச்சுக்கோங்க. திரில நெருப்பு இந்த முனைல இருந்து அந்த முனைக்கு ஓடுற மாதிரி தெரியும், ஆனா ஒவ்வொரு இடத்துலயும் அங்க இருக்கற மருந்துதான் எரியுது. அதனாலதான் 1 மீட்டர் போனாலும் கடைசி சென்டிமீட்டர்ல அதே பலத்தோட வருது, ஒரு துளி கொறையறது இல்ல. திரி ஒருதடவை எரிஞ்சா சாம்பல், நரம்பு 2 மில்லிசெகண்ட்ல திரும்ப புதுசா நிக்கும், அதுதான் வித்தியாசம். வெறும் வயர் மாதிரி மட்டும் இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா, நரம்புக்குள்ள இருக்கற திரவம் செம்பைவிட கோடி மடங்குக்கு மேல மோசமான கடத்தி, சில மில்லிமீட்டர்லயே சிக்னல் செத்துப் போயிருக்கும், கால்ல முள்ளு குத்தினது முட்டி வரைக்கும்கூட வந்து சேராது.

ஆக "கரண்ட் கொறஞ்சு போச்சு"ங்கறதுக்கு இங்க இடமே இல்லம்மா. ஒரு இழைல சிக்னல் வந்தா முழுசா வரும், இல்லைன்னா வராது, பாதி சிக்னல்னு ஒண்ணு கிடையாது. மெதுவா தொட்டாலும் அதே அளவு துடிப்பு, ஓங்கி மிதிச்சாலும் அதே அளவு துடிப்பு. அப்ப மூளைக்கு எப்படி வித்தியாசம் தெரியுதுன்னா எண்ணிக்கைல, லேசா தொட்டா வினாடிக்கு சில துடிப்பு, அழுத்தினா நூத்துக்கும் மேல, கூடவே பக்கத்து இழைங்களும் சேர்ந்துக்கும். எட்கர் ஏட்ரியன்னு ஒருத்தர் 1920கள்ல ஒத்தை இழைல இருந்து இந்தத் துடிப்பைப் பதிவு பண்ணிக் காட்டினாரு, 1932ல நோபல் கிடைச்சுது. இன்னொண்ணு, துடிப்பைப் பாத்து இது சூடா, தொடுதலா, வலியான்னு சொல்லவே முடியாது, எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். எந்த இழை வழியா வந்துச்சுங்கறதை வச்சுத்தான் மூளை முடிவு பண்ணுது. எரிச்சலைச் சொல்ற இழைல துடிப்பு வந்தா எரியுதுன்னுதான் மூளை சொல்லும், கால் பக்கத்துல நெருப்பே இல்லைன்னாலும். உங்க ராத்திரி எரிச்சல் இங்கதான் இருக்கு.

ஷாக் ஏன் அடிக்கலைன்னு கேட்டிருந்தீங்க. இந்த மின்சாரம் சவ்வோட உள்ளயும் வெளியயும் பக்கத்துப் பக்கத்துலயே சுத்தி முடிஞ்சுடுது, உடம்பு முழுக்க பாயறது இல்ல. வெளிக் கரண்ட் பட்டா தோணுற அந்த அதிர்ச்சி என்ன தெரியுமா, அந்த இடத்துல இருக்கற எல்லா இழையும் ஒரே நேரத்துல ஒழுங்கில்லாம துடிக்கறதுதான். நரம்பு கெட்டுப்போன காலும் கரண்டே இல்லாம அதே மாதிரி கும்பலா துடிக்கும், அதனாலதான் உங்களுக்கு ஷாக் அடிக்கிற மாதிரின்னு எழுதத் தோணிருக்கு. சரியான வார்த்தையைத்தான் எழுதியிருக்கீங்க.

அடுத்தது வேகம், உங்க டெஸ்டே இதைத்தான் அளக்கப் போகுது. 1850க்கு முன்னாடி நரம்போட வேகத்தை மனுஷனால அளக்கவே முடியாதுன்னு நினைச்சாங்க, ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ்ங்கற ஜெர்மன் விஞ்ஞானியோட வாத்தியார் யோஹானஸ் முல்லரே அப்படித்தான் எழுதிருந்தாரு. மாணவன் ஒரு தவளைக் காலை எடுத்து, நரம்புல தசைக்குப் பக்கமா ஒரு இடத்துலயும் தூரமா ஒரு இடத்துலயும் மின்சாரத்தால தூண்டி, தசை துடிக்க எடுத்துக்கிட்ட நேர வித்தியாசத்தைக் கணக்குப் போட்டாரு, வினாடிக்கு 30 மீட்டர் பக்கத்துல வந்துச்சு. இன்னைக்கு நாங்க உங்க கால்ல செய்யப்போறதும் அச்சு அசல் இதே வேலைதான், 170 வருஷத்துக்கு மேல ஆகியும் யோசனை மாறல.

எல்லா இழைக்கும் ஒரே வேகம் கிடையாது. தசையை ஆட்டுற, கால் எந்த நிலைல இருக்குன்னு சொல்ற தடிச்ச இழைங்க வினாடிக்கு 40ல இருந்து 70 மீட்டர் வரைக்கும் போகும். அதுக்குக் காரணம் மையலின்னு ஒரு கொழுப்பு உறை, வயர் மேல ப்ளாஸ்டிக் சுத்தின மாதிரி ஆக்ஸானைச் சுத்திச் சுத்தி மூடியிருக்கும், ஏறக்குறைய மில்லிமீட்டருக்கு ஒரு சின்ன இடைவெளி விட்டு. சோடியம் கதவுங்க அந்த இடைவெளில மட்டும் கூட்டமா இருக்கும், சிக்னல் இடைவெளிக்கு இடைவெளி தாவித் தாவிப் போகும். இந்த உறை இல்லைன்னா வேகத்துக்கு ஒரே வழி இழையைத் தடியாக்கறதுதான், கணவாய் மீன்ல அப்படித்தான் இருக்கு, அரை மில்லிமீட்டருக்கும் மேல தடிச்ச ஆக்ஸான், கண்ணாலயே பாக்கலாம், அப்படியும் வினாடிக்கு 25 மீட்டர் பக்கம்தான் வருது. அவ்ளோ தடிச்சதா இருந்ததாலதான் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லின்னு ரெண்டு விஞ்ஞானிங்க அதுக்குள்ள மின்முனையை விட்டு, 1952ல இந்த சோடியம் பொட்டாசியம் கணக்கை முழுசா எழுதி முடிச்சாங்க. நம்ம இழை அதைவிட முப்பது நாப்பது மடங்கு மெல்லிசு, வேகம் ரெண்டு மடங்கு. உறையோட மகிமை.

ஆனா எரிச்சலையும் மந்தமான வலியையும் கொண்டுபோற இழைங்களுக்கு உறையே கிடையாது, ரொம்ப ரொம்ப மெல்லிசு, வேகம் வினாடிக்கு அரை மீட்டர்ல இருந்து 2 மீட்டர், மனுஷன் நடக்கற வேகம். கால் விரலை மேஜைக் கால்ல இடிச்சுக்கிட்ட அனுபவம் எல்லாருக்கும் இருக்கும். இடிச்சது உடனே தெரியும், கண்ணிமைக்கற நேரத்துல சுரீர்னு ஒண்ணு, அப்பறம் ஒரு செகண்ட் "ஐயோ இப்ப வரும் இப்ப வரும்"னு காத்திருக்கும்போது அந்த பெரிய வலி கிளம்பி வரும். வேற வேற இழைங்க ஒரே சேதியை வேற வேற வேகத்துல தூக்கிட்டு வர்றதுதான் அது. இந்த ரெண்டு வகை இழையும் தனித்தனியா கெட்டுப் போகலாம். உங்க கேஸ்ல செருப்பு கழண்டது தெரியலைன்னா பெரிய இழைங்கள்ல சேதி வந்து சேரல, எரியுதுன்னா சின்ன இழைங்க காயப்பட்டு தானா துடிக்குது. வீட்ல கேட்டா இதைச் சொல்லுங்க.

ஏன் பாதத்துல ஆரம்பிச்சுதுன்னா, அந்த 1 மீட்டர் வால் கதைதான். செல்லோட சமையல்கட்டு இடுப்புல இருக்கு, விரல் நுனிக்கு வேண்டிய புரதம், சக்திக்கு வேண்டிய சாமானெல்லாம் அங்கேர்ந்து வால் வழியாவே போகணும், வேகமா போற சரக்கே நாளைக்கு 40 சென்டிமீட்டர்தான், நுனிக்குப் போய்ச்சேர ரெண்டரை நாள். மெதுவா போறது நாளைக்கு சில மில்லிமீட்டர். ரத்தத்துல சர்க்கரை வருஷக்கணக்கா ஏறியே இருந்தா நரம்புக்கு ரத்தம் குடுக்கற குட்டிக் குழாயும் கெடுது, செல்லோட உள்வேலையும் கெடுது, பம்பும் சரக்குப் போக்குவரத்தும் தடுமாறுது, எந்த வால் ரொம்ப நீளமோ அதோட நுனிதான் முதல்ல வாடும். அதனாலதான் ரெண்டு காலும் ஒண்ணா, விரல்ல ஆரம்பிச்சு மேல ஏறுது, முழங்கால்கிட்ட வர்ற காலத்துல கை விரலும் மரக்க ஆரம்பிக்கும். வாடிப்போன நுனிங்கள்ல சோடியம் கதவுங்க இருக்கக்கூடாத எண்ணிக்கைல, இருக்கக்கூடாத இடத்துல சேர்ந்துடும், யாரும் தொடாமலே எல்லைக்கோட்டைத் தாண்டும். ராத்திரி வேற வேலை, வேற சத்தம் இல்லாதப்ப அதுதான் மனசை முழுசா பிடிச்சுக்குது.

ப்ரீகாபலின் தூக்க மாத்திரையான்னு நீங்க கேக்கல, ஆனா கேக்காதவங்க ரொம்பக் கம்மி, அதனால சொல்றேன். துடிப்பு இழையோட கடைசிக்கு வந்ததும் அங்க ஒரு இடைவெளி இருக்கு, மில்லிமீட்டர்ல ஐம்பதாயிரத்துல ஒரு பங்கு, மின்சாரம் அதைத் தாண்டாது. கால்சியம் கதவு திறந்து, குட்டிக் குட்டிப் பையில இருக்கற ரசாயனம் இடைவெளில கொட்டி, அந்தப் பக்க செல்லை எழுப்பும். ஓட்டோ லோவிங்கற விஞ்ஞானி 1921ல ரெண்டு தவளை இதயத்தை வச்சு நிரூபிச்சது இதைத்தான், ஒரு இதயத்துல நரம்பைத் தூண்டி அதை மெதுவாக்கி, அதைச் சுத்தி இருந்த திரவத்தை மட்டும் எடுத்து இன்னொண்ணுல ஊத்தினாரு, அதுவும் மெதுவாச்சு. ப்ரீகாபலின் இந்த கால்சியம் கதவுலதான் கை வைக்குது, தேவையில்லாத துடிப்பு அடுத்த செல்லுக்குத் தாவறதைக் குறைக்குது. நரம்பைச் சரி பண்ணாது, கூச்சலைத் தணிக்கும். தூக்கமும் தலைசுத்தலும் பக்கவிளைவு, அதுக்காக நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட சொன்னா அளவைப் படிப்படியா மாத்துவாரு.

டெஸ்ட் பயம். கணுக்கால்கிட்டயும் முழங்கால் பின்னாடியும் ஒரு சின்ன கருவியை வச்சு ஒரு துடிப்பு குடுப்போம், அது நீடிக்கற நேரம் ஒரு செகண்ட்ல அஞ்சாயிரத்துல ஒரு பங்கு. சுண்டி விட்ட மாதிரி இருக்கும், கால் தானா ஒரு தடவை வெட்டும், அவ்ளோதான். நான் இந்த வேலைல சேர்ந்த முதல் வாரமே என் கை கால்ல எடுத்துக்கிட்டேன், இல்லைன்னா அடுத்தவங்களுக்கு வைக்க மனசு வராது. பாதத்துல ஒட்டின மின்முனைல பதில் எப்ப வருதுன்னு பாப்போம். ரெண்டு இடத்துக்கும் நடுவுல 36 சென்டிமீட்டர், நேர வித்தியாசம் 8 மில்லிசெகண்ட்னா வினாடிக்கு 45 மீட்டர், கால்ல 40க்கு மேல இருந்தா பொதுவா நார்மல், கைல 50. அதே 36 சென்டிமீட்டருக்கு 12 மில்லிசெகண்ட் ஆச்சுன்னா 30 மீட்டர், மெதுவா இருக்கு, உறை கெட்டிருக்கு. வேகம் சரியா இருந்து பதிலோட உயரம் மட்டும் குட்டையா இருந்தா, போய்ச்சேர்ற இழைங்களோட எண்ணிக்கையே குறைஞ்சிருக்கு. இதைத்தான் யாரோ கரண்ட் கம்மின்னு சொல்லிருப்பாங்க. ஒவ்வொரு இழையும் முழுசாத்தான் துடிக்குது, துடிக்கறவங்க தலை எண்ணிக்கை கம்மி.

இந்த இடத்தைக் கவனமா படிங்க, ஏன்னா இதுல நிறையப் பேர் மனசு உடைஞ்சு போறாங்க. இந்த டெஸ்ட் தடிச்ச, வேகமான இழைங்களை மட்டும்தான் பாக்கும். உறை இல்லாத அந்த மெல்லிசு இழைங்களோட சிக்னல் இந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது. அதனால ரிப்போர்ட் நார்மல்னு வந்தா உங்க எரிச்சல் கற்பனைன்னு அர்த்தம் இல்ல, சின்ன இழைல மட்டும் பாதிப்பு இருக்கலாம், அதுக்கு தோல்ல சின்னதா ஒரு துண்டு எடுத்துப் பாக்கற பரிசோதனை மாதிரி வேற வழி இருக்கு. "ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்ல, போங்க"ன்னு யாராவது அனுப்பினா திரும்பக் கேளுங்கம்மா. கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு.

மெஷின் வாங்காதீங்க. நரம்பு சார்ஜ் ஏத்துற பேட்டரி இல்ல, அதோட 70 மில்லிவோல்ட்டை உண்டாக்கறது உள்ள இருக்கற பம்ப், அந்தப் பம்புக்கு வேண்டியது ரத்தத்துல வர்ற ஆக்சிஜனும் குளுக்கோஸும். வெளில இருந்து குடுக்கற கரண்ட் அந்த நேரத்துக்கு இழைங்களைத் துடிக்க வைக்கும், சிலருக்கு டாக்டரோ பிசியோதெரபிஸ்ட்டோ வலி மறக்கறதுக்காக அந்த மாதிரி கருவி வைக்கறது உண்டு, அது வேற விஷயம், தேய்ஞ்ச நரம்பை அது வளர்க்காது. அதோட மரத்த கால்ல எவ்ளோ வைக்கறோம்னு உங்களுக்கே தெரியாது, தோல் பொசுங்கிடும். அந்தக் காசுக்கு முதல்ல பி12 டெஸ்ட் எடுங்க. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா போட்டா சிலருக்கு பி12 இறங்கும், பி12 இல்லைன்னா மையலின் உறை கெடும், சர்க்கரையால வர்ற மாதிரியேதான் கால் மரக்கும், ஆனா இதை ஊசியோ மாத்திரையோ போட்டு நிறுத்த முடியும். உங்க மாதிரி கேஸ்ல இதை விட்டுட்டா எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும். தைராய்டும் கிட்னியும் ஒரு தடவை பாத்துடலாம். ஆனா டெஸ்ட் எடுக்காம சத்து மாத்திரையை நீங்களா அள்ளிப் போடாதீங்க, பி6 அளவுக்கு மீறினா அதுவே நரம்பைக் கெடுக்கும்.

மத்தபடி சர்க்கரையைப் பிடிச்சு நிறுத்தறதுதான் பாதிப்பு மேல ஏறாம இருக்க வழி. போன இழை எல்லாம் திரும்ப வரும்னு நான் பொய் சொல்லமாட்டேன், ஆக்ஸான் வளர்ந்தாலும் நாளைக்கு 1 மில்லிமீட்டர்தான் வளரும், அதுவும் சூழ்நிலை சரியா இருந்தா. தினமும் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பாதத்தையும், விரலிடுக்கையும் பாருங்க, அடிப்பாதத்துக்கு ஒரு கண்ணாடி வச்சுக்கோங்க. தண்ணி சூடு பாக்க காலை விடாதீங்க, முழங்கையை விட்டுப் பாருங்க. செருப்பு இல்லாம வீட்டுக்குள்ளயும் நடக்காதீங்க. இதுக்கு நடுவுல, பலவீனம் சில நாள்லயே கால்ல இருந்து வேகமா மேல ஏறினா, ஒரு பக்கம் திடீர்னு கை கால் விழுந்தா, முகம் கோணினா, ஒண்ணுக்கு ரெண்டுக்கு அடக்க முடியாம போனா லெட்டர் எழுதிக்கிட்டு இருக்காதீங்க, அந்த நிமிஷமே எமர்ஜென்சிக்குப் போங்க.

டெஸ்ட் அன்னைக்கு பட்டினி கிடக்க வேண்டாம், சர்க்கரை மாத்திரையை வழக்கம்போலப் போடுங்க. கால்ல க்ரீம் எண்ணெய் எதுவும் தடவாதீங்க, மின்முனை ஒட்டாது. பேஸ்மேக்கர் வச்சிருந்தாலோ ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போட்டாலோ முன்னாடியே சொல்லிடுங்க. ஏசி ரூம்ல ரொம்ப நேரம் உக்காந்து கால் ஜில்லுனு ஆயிடுச்சுன்னா அதையும் சொல்லுங்க, ஒரு டிகிரி சூடு குறைஞ்சாலே நரம்போட வேகம் வினாடிக்கு 2 மீட்டர் பக்கம் குறையும், நல்லா இருக்கற நரம்பும் கெட்ட மாதிரி காட்டும். கால் குளிர்ந்திருந்தா சூடு பண்ணிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்க, பத்து நிமிஷம் ஆகும், பரவால்ல. சாக்ஸ் போட்டுக்கிட்டே போங்கம்மா.